பதினெட்டு வயதும் பக்கத்துணையும்



விளவங்கோடு, கல்குளம் தாலுக்காக்களில் தேனீ வளர்ப்போர், ரப்பர் மரம் தளிர்விடும் தேன்காலம் வருமுன்னரே பலமுள்ள கூட்டைப் பார்த்து இரண்டாகப் பிரிப்பது வழக்கம். பிரிக்குங்கால் எவரும் வெறும் பெட்டியைப் புதுக்கூட்டுக்குக் கொடுப்பதில்லை. முட்டையும் புழுவும் உள்ள அடை, தேனும் மகரந்தமும் நிறைந்த அடை, இளந்தேனீக்கள், முதிர்ந்த இராணி அறை ஒன்று ஆகிய இவ்வளவையும் வைத்தே பிரிப்பார்கள். பின்னும், பூ அருகிய மழை மாதங்களில் சர்க்கரைப்பாகு வைத்துக் காப்பார்கள். அவ்வாறு காக்கப்பட்ட கூடே பின்னர் தேன் கொடுக்கிறது.

தேனீக்குச் செய்யும் இம்முறை மனிதப் பிள்ளைகள் விஷயத்தில் பல சமயம் மறக்கப்படுகிறது. தாய் தந்தையரை இழந்து விடுதிகளிலும் இல்லங்களிலும் வளரும் பிள்ளைகள் 18 வயது நிறைந்ததும் அவ்விடம் விட்டு வெளியேற வேண்டியவராகின்றனர். முதல் நாள் வரை சோறும் படுக்கையும் பிறர் பொறுப்பு; மறுநாள் அனைத்தும் அவர்கள் தலைமேல். வீடுள்ள பிள்ளை 18 வயதில் வீட்டை விட்டுத் துரத்தப்படுவதில்லை. வேலை கிடைக்கும் வரை தாய் சோறு போடுகிறாள். மாமன் ஜாமீன் நிற்கிறான். தவறினால் திரும்பிவர ஒரு திண்ணை இருக்கிறது. அநாதைப் பிள்ளைக்கு இல்லாதது அந்தத் திண்ணையே.

இம்மாவட்டத்திற்கு இது தூரத்து விஷயமன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ல் எழுந்த ஆழிப்பேரலை குளச்சல், மேலமணக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் பல குடும்பங்களை அழித்தது. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் 2022-ல் 18 வயது நிறைந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. அவ்வருஷம் பத்து வயதாயிருந்த பிள்ளைகள் 2025-ல் வயதுக்கு வந்தனர். அவர்களுக்குப் பின்னும் வரிசையாகப் பலர் வந்துகொண்டிருக்கின்றனர்.

சர்க்கார் இதனை அறியாமலில்லை. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், இல்லத்தை விட்டு வெளியேறும் இளைஞருக்குப் பொருளுதவி செய்யலாமென்று விதிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இப்பிற்காப்பை 21 வயது வரையிலும், விசேஷ சந்தர்ப்பங்களில் 23 வயது வரையிலும் அளிக்க வழி செய்தன. 2022-ல் வெளியான வாத்சல்யா திட்ட நெறிமுறைகளில் இதற்கென மாதம் 4,000 ரூபாய் வகுக்கப்பட்டது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் மூலம் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும் பணம் மட்டும் ஒருவனைக் காப்பதில்லை. பணத்தை எங்கே வைப்பது, யாரை நம்புவது, கடன்காரன் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடலாமா என்று சொல்லித்தர ஒரு மனிதர் வேண்டும்.

இவ்விடத்தில் மார்த்தாண்டத்தின் அனுபவம் நினைவுகூரத் தக்கது. 1920-ஆம் ஆண்டுகளில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை நடத்தினார். தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் ஏழை ஜனங்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அவர் கொண்ட கொள்கை எளிது: மக்கள் தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்ள வேண்டும், ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் நெருங்கி நின்று ஆலோசனை சொல்ல வேண்டும். தானமும் இல்லை, கைவிடுதலும் இல்லை. 18 வயதுப் பிள்ளைக்கும் வேண்டுவது இதுவே.

கூட்டுறவுச் சங்கம் இதில் என்ன செய்யக்கூடும்? முதலாவது, பிள்ளைக்கு 16, 17 வயது நடக்கும்போதே பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குவித்து, பணம் போடவும் எடுக்கவும் பழக்குதல். இரண்டாவது, ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று ஆகியவை சரியாயுள்ளனவா என்று வெளியேறுமுன்னரே பார்த்தல். பின்னர் தேடினால் அலைச்சலே மிஞ்சும். மூன்றாவது, 18 நிறைந்ததும் பங்குத்தொகை கட்டுவித்து அங்கத்தினராக்குதல்; ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள வயது அதுவே. நான்காவது, தொழிற்கடன் கேட்குங்கால் இரண்டு அங்கத்தினர் முன்வந்து ஜாமீன் நிற்றல். ஐந்தாவது, ஒரு குடும்பம் அப்பிள்ளையைத் தன் பொறுப்பில் ஏற்று, பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அழைத்து இலை போடுதல். இது எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாது. எல்லாவற்றிலும் பெரிது இதுவே.

"சங்கத்துப் பணம் அங்கத்தினர் பணம், முன்பின் அறியாத பிள்ளைக்காக நஷ்டப்படலாமா?" என்று சிலர் கேட்பது இயல்பு. கேள்வி நியாயமானதே. ஆகையால் முதற்கடன் சிறிதாயிருக்கட்டும்; தவணை குறுகியதாயிருக்கட்டும்; மாதந்தோறும் ஒருவர் சென்று தொழிலைப் பார்க்கட்டும். தவணை தவறினால் உடனே நோட்டீஸ் அனுப்பாமல், தவறிய காரணத்தை முதலில் விசாரிக்கட்டும். முதற்பிழையிலேயே கதவு சாத்தப்பட்டால் அவன் போகும் அடுத்த கதவு கந்துவட்டிக்காரனுடையது.

1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் தேனீக்களுக்குக் கொள்ளைநோய் கண்டு, பெட்டிகள் பெருவாரியாக வெறுமையாயின. பிழைத்த சில கூடுகளைப் பிரித்துப் பிரித்தே அத்தொழில் மீண்டும் தழைத்தது. இழந்தவன் இருந்தவனிடம் ஒரு கூடு பெற்றான். கூட்டுறவு என்னும் சொல்லின் பொருளும் இதுதான்.

ஒவ்வொரு சங்கமும் வருகிற பொதுக்கூட்டத்தில், தன் எல்லைக்குள் இவ்வருஷம் 18 வயது நிறையும் ஆதரவற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி கேட்கட்டும். எண் ஒன்றாயிருப்பினும் சரி. அந்த ஒருவனுக்கு, ஒருத்திக்கு, வெறும் பெட்டியைக் கொடுத்து அனுப்பாதிருக்கட்டும்.