சீனவியல் நமக்கும் உரியது



சீன மொழி, சமூகம், பண்பாடு ஆகியவற்றின் உயர்நிலைக் கல்வி பற்றிப் பேசுவதற்குத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தக் கேமரன் மலைக்கு ஏன் ஏறி வர வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நூலகங்களும் அறிஞர்களும் இருக்கும் கோலாலம்பூரிலேயே கூடியிருக்கலாமே என்பது அவர்கள் எண்ணம். நூல்கள் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இங்கே இருக்கின்றன.

1885-இல் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தோட்டம் வந்தது. காட்டை அழித்துச் சரிவுகளில் கன்று ஊன்றியதும், தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்ததும் பெரும்பாலும் நம் தமிழ் மக்கள். அதே காலத்தில் அடுத்த சரிவுகளில் முட்டைக்கோசும் தக்காளியும் பூக்களும் விளைவித்தவர்கள் சீன விவசாயிகள். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று எந்தக் கடைத்தெருவிலும் இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. தோட்டத்துச் சம்பள நாளும் கடைக்காரரின் பற்று வரவு நோட்டும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

வாழ்க்கை இப்படிக் கலந்திருக்க, கல்வி மட்டும் பிரிந்தே நின்றது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இலும் சீன ஆய்வியல் துறை 1963-இலும் தோன்றின. இரண்டும் அரும்பணி ஆற்றியவை. ஆயினும் தமிழ் மாணவர் என்றால் இந்தியவியல், சீன மாணவர் என்றால் சீனவியல் என்ற எழுதாத விதி ஒன்று வேரூன்றிவிட்டது. அந்த விதியை மாற்ற வேண்டும் என்பதே இன்றைக்கு நான் சொல்ல வந்தது.

மொழி ஒன்றை மட்டும் அறிந்தவர் எவ்வளவு தவறவிடுவார் என்பதற்கு ஒரு கல்லே சான்று. 1911-இல் இலங்கையின் காலி நகரில், ஒரு மதகின் மேல் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த பலகைக்கல்லைப் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ 1409-ஆம் ஆண்டைக் குறித்து நாட்டிய கல் அது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதியை மட்டும் படிப்பவர், சீனப் பேரரசர் புத்தருக்குக் காணிக்கை அனுப்பினார் என்பார். தமிழ்ப் பகுதியை மட்டும் படிப்பவர், அதே பேரரசர் திருமாலின் வடிவமான தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை அனுப்பினார் என்பார். பாரசீகப் பகுதியோ இஸ்லாத்தைப் போற்றுகிறது. மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால்தான், பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயுமாகக் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பது தெரியும். வணிகக் கடலில் யார் யார் வலிமையோடு இருந்தார்கள், அவர்களிடம் எந்த மொழியில் எந்தத் தெய்வத்தின் பெயரால் பேச வேண்டும் என்பதை அந்தத் தளபதி அறிந்திருந்தார். ஒரு மொழியோடு நின்றுவிடும் ஆய்வாளருக்கு இந்த முழு வரலாறும் எட்டாது.

இதற்கும் முன்பே, 1281-இல், சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பிக் கல்வெட்டு வெட்டினார்கள். தமிழில் எழுதிய அந்தக் கல்லின் கடைசி வரி சீனம். அது இப்போது சியாமென் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தப் பல்கலைக்கழகம் 2016 முதல் நம் சிப்பாங்கிலேயே வளாகம் அமைத்து மாணவர்களைச் சேர்த்து வருகிறது என்பதை ஆய்வு மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தாய்மொழி தமிழாக இருப்பவர் சீன மூலங்களில் ஆழ்வது இயலுமா என்று தயங்குகிறவர்களுக்கு இரண்டு முன்னோடிகளைச் சொல்கிறேன். ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஜெர்மானியப் பேராசிரியர் வொல்ஃப்காங் ஃப்ராங்கே, சென் தியே ஃபானோடு சேர்ந்து இந்நாட்டுச் சீனக் கோயில்கள், சங்கங்கள், இடுகாடுகளின் கல்வெட்டுகளையும் மணி எழுத்துகளையும் படியெடுத்தார். 1982 முதல் 1987 வரை மூன்று பெருந்தொகுதிகளாக அவை வெளிவந்தன. ஜெர்மானியர் ஒருவரால் இயன்றது, அந்தக் கோயில் வாசலைத் தாண்டியே நாள்தோறும் பள்ளிக்கு நடந்த தமிழ்ப் பிள்ளையால் ஏன் இயலாது? இன்னொருவர் நம் தனிநாயகம் அடிகளார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்தபோது, அந்தாவ் தெ புரொவென்சாவின் 1679-ஆம் ஆண்டுத் தமிழ் போர்த்துகீசிய அகராதியைப் பதிப்பித்து 1966-இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். முதல் உலகத் தமிழ் மாநாட்டை அவர் இங்கே கூட்டிய ஆண்டும் அதுவே. தமிழை அறிய வேற்று மொழியின் ஏடுகளுக்குள் புக வேண்டும் என்பதை அவர் செயலில் காட்டினார். போர்த்துகீசியத்துக்கு அவர் செய்ததைச் சீனத்துக்குச் செய்ய நம்மிடையே ஆள் வேண்டும்.

இந்தியாவில் சீனவியல் தோன்றிய கதையிலும் இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. மலாயாவில் ஆசிரியராகப் பணியாற்றிய தான் யுன்-ஷான், 1927-இல் சிங்கப்பூரில் தாகூரைச் சந்தித்தார். மறு ஆண்டே சாந்திநிகேதன் சென்றார். 1937-இல் அங்கே சீன பவனம் திறக்கப்பட்டது. அவருடைய மகன் தான் சுங் ஜொகூரில் பிறந்தவர். பின்னர் டெல்லியில் சீனவியல் மாணவர்களை உருவாக்கியவர். சென்னை ஐ.ஐ.டி.யிலும் இன்று சீன ஆய்வு மையம் இயங்குகிறது.

இனி இந்த மலைக்குத் திரும்புவோம். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரம் பயிர் செய்துவந்த சீனக் குடும்பங்கள் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டன. நாடு முழுவதும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இப்படி இடம் மாற்றப்பட்டார்கள். இந்த மலையிலும் அத்தகைய கிராமங்கள் எழுந்தன. பல தோட்டங்களின் லயங்களும் அப்போது வேலிக்குள் வந்தன. ஆக, ஒரே காலத்தில் ஒரே ஆட்சியின் கீழ் இரு மக்களும் வேலிக்குள் வாழ்ந்தார்கள். அரிசிப் பங்கீடும் ஊரடங்கும் இருவருக்கும் இருந்தன. இந்த அனுபவம் ஆங்கிலேய அதிகாரிகளின் கோப்புகளில் ஒரு விதமாகவும், தமிழ் நேசன் நாளிதழில் வேறு விதமாகவும், நன்யாங் சியாங் பாவ் என்ற சீன நாளிதழில் இன்னொரு விதமாகவும் பதிவாகியிருக்கும். மூன்றையும் ஒருசேர வாசித்து, பிறகு பிரிஞ்சாங்கில் ஒரு சீனப் பாட்டியிடமும் சுங்கை பாலாஸ் தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பாட்டியிடமும் அமர்ந்து கேட்டு எழுதும் முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று வர வேண்டும் என்று நான் மெய்யாகவே ஏங்குகிறேன். அந்தத் தலைமுறையினர் முதுமையில் தளர்ந்துவிட்டார்கள். லயங்கள் வெறிச்சோடுகின்றன. கொழுந்து பறிப்பவர்களும் தோட்டம் கொத்துபவர்களும் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பத்தாண்டு பொறுத்துத் தொடங்கலாம் என்று இருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய பயிற்சி கடினமானது. அதை மறைத்து உங்களை அழைக்க நான் விரும்பவில்லை. பேச்சுச் சீனம் கற்றால் வணிகம் செய்யலாம். ஆய்வு செய்ய முடியாது. இந்நாட்டுச் சீனப் பள்ளிகள் எளிமையாக்கிய எழுத்துக்கு மாறியது சில பத்தாண்டுகளுக்கு முன்புதான். பழைய நாளிதழ்களும் கல்லறை எழுத்துகளும் மரபெழுத்தில் இருக்கின்றன. செவ்வியல் நடையும் அவற்றில் விரவி வரும். களப்பணிக்கு வந்தாலோ மாண்டரின் மட்டும் போதாது. இந்தப் பகுதியில் முதியோரிடம் கண்டோனீஸும் ஹாக்காவும் வேண்டும். எனவே முதுகலையில் சேரும் தமிழ் மாணவருக்கு ஓராண்டேனும் முழுநேர மொழிப் பயிற்சியை ஆய்வுக்காலத்துக்கு வெளியே ஒதுக்க வேண்டும் என்று துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மொழிப் பயிற்சியை ஆய்வுக்காலத்துக்குள் அடைத்தால் இரண்டும் குறையும்.

மொழியைவிடக் கடினமான பயிற்சி ஒன்றும் உண்டு. தவ்க்கே (சீன முதலாளி) என்றால் பணக்காரர், சீனர் என்றால் வியாபாரி என்று நம் வீடுகளில் கேட்டு வளர்ந்த முடிவுகளோடு எவரும் சீனச் சமூகத்தை ஆராய முடியாது. பனியிலும் மழையிலும் சரிவில் மண்வெட்டி பிடித்த ஏழை விவசாயியை அந்தச் சொற்கள் நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன. நம்மைப் பற்றி அவர்கள் வீடுகளிலும் இப்படிப்பட்ட முடிவுகள் இருக்கும். அவற்றைத் திருத்தும் தகுதி, அவர்கள் ஏடுகளை நாம் நேர்மையாகப் படித்த பிறகே நமக்கு வரும்.

எதிர்த்திசையிலிருந்து ஒரு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. 1963-இல் பெய்ஜிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சீன அறிவிப்பாளர்கள் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு, செந்தமிழில் செய்தி வாசித்தார்கள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில்கூட நேயர் மன்றங்கள் உருவாயின. அவர்கள் நம் மொழியைக் கற்க எடுத்த முயற்சிக்கு ஈடாக நாம் இன்னும் எதையும் செய்யவில்லை என்பது என் கருத்து.

இங்கே அமர்ந்திருக்கும் இளையோரே, தாப்பா வழியே இறங்கினால் கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. சீன ஆய்வில் முதுகலையும் முனைவர் பட்டமும் அங்கே பெறலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கதவும் திறந்திருக்கிறது. இந்த இரண்டு நாளில் உங்களுக்குப் பிடித்த கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கு வந்திருக்கும் பேராசிரியர்களில் ஒருவரிடம் அதைச் சொல்லி, வரும் கல்வியாண்டிலேயே விண்ணப்பியுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.