வாழைப்பழமும் நாயனமும்

(வாலாஜாபாத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றம். தலைப்பு: ‘இசைப்போட்டியைக் கதையாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் கலைஞனை உயர்த்தினவா? கேலிப்பொருள் ஆக்கினவா?’ — ‘உயர்த்தினவே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ரொம்ப உருக்கமாகப் பேசினார்கள். “தவில் வாசிக்கிறவர் தெருவில் போனால், பிள்ளைகள் அவரிடம் வாழைப்பழத்தைப் பற்றிக் கேட்கிறார்களே, இதுதானா நீங்கள் கலையை உயர்த்திய லட்சணம்?” என்றார்கள். 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படம். கங்கை அமரன் இயக்கம், இளையராஜா இசை. தவில்காரராகக் கவுண்டமணி, நாயனக்காரராகச் செந்தில். ரெண்டு பழம் வாங்கக் காசு கொடுத்தால், ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிற கதை. (சிரிப்பு)

பாருங்கள், நான் பழத்தைச் சொன்னதுமே சிரித்துவிட்டீர்கள். அம்மையார் சொன்னதில் கால் பங்கு நியாயம் இருக்கிறது. அதை மறுக்கிற ஆள் நானில்லை. ஆனால் மீதி முக்கால் பங்கை அவர்கள் சொல்லவே இல்லை. அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

இந்தப் படங்களில் நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்? இசையைப் பார்த்தா? இசைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிற அகங்காரத்தைப் பார்த்தா? வழக்கே இதுதான், நடுவர் அவர்களே.

1965-க்கு வாருங்கள். ஏ.பி. நாகராஜன் எடுத்த ‘திருவிளையாடல்’. அயல்நாட்டிலிருந்து ஹேமநாத பாகவதர் வருகிறார். வேஷம் டி.எஸ். பாலையா. அந்த நடை, அந்தத் தோள் குலுக்கல், சீடர்களை அவர் பார்க்கிற பார்வை! “உங்கள் நாட்டில் என்னை வெல்ல ஆள் உண்டா?” என்கிற தோரணை. பாண்டிய நாட்டுப் பாணபத்திரர் பயந்து போய்ச் சொக்கநாதரிடம் அழுகிறார். சொக்கநாதர் விறகு வெட்டியாக வருகிறார். பாகவதர் தங்கிய வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு பாடுகிறார். “நான் பாணபத்திரர் தள்ளிவிட்ட ஆள்” என்கிறார். தள்ளிவிட்ட ஆளே இப்படிப் பாடினால் வைத்துக்கொண்ட ஆள் எப்படிப் பாடுவான்? பொழுது விடியுமுன்னே பாகவதர் மூட்டையைக் கட்டிவிட்டார்! (சிரிப்பு, கைதட்டல்)

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? போட்டியே நடக்கவில்லை! ஹேமநாதர் தோற்றது பாடித் தோற்றதல்ல, கேட்டுத் தோற்றது. அடுத்தவன் பாட்டை ஒரு ராத்திரி காது கொடுத்துக் கேட்டார், அகங்காரம் கரைந்து போச்சு.

இன்னொன்றும் சொல்கிறேன். தோற்கப் போகிற ஆள், நாம் சிரிக்க வேண்டிய ஆள் ஹேமநாதர். அவருக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? பாலமுரளிகிருஷ்ணா! ராகங்களை மாலையாகத் தொடுத்த அந்தப் பாட்டை வில்லனுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள் நாகராஜனும் கே.வி. மகாதேவனும். கேலி செய்ய நினைத்தவன் கட்டைக் குரலையல்லவா கொடுத்திருப்பான்? ஆளைக் கேலி செய்தார்கள், பாட்டைக் கும்பிட்டார்கள். எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும். (கைதட்டல்)

இந்தக் கதை சினிமாக்காரர்கள் கட்டியதல்ல. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்திலே ‘விறகு விற்ற படலம்’ என்று இருக்கிறது. இறைவன் பாடிய பண் சாதாரி என்று பண்ணின் பெயரையும் சேர்த்தே சொல்லுகிறார். அதே புராணத்தில் ‘இசைவாது வென்ற படலம்’ என்று இன்னொன்று. அந்தப்புரத்தில் ஒருத்திக்குப் பொறாமை. அதற்காகப் பாண்டியன் இலங்கையிலிருந்து ஒரு பாடினியை வரவழைத்துப் பாணபத்திரர் மனைவியோடு மோதவிடுகிறான். அரசன் இலங்கைப் பாடினி பக்கம் சாய்ந்தான். சபையும் அப்படியே தலையாட்டியது. கடைசியில் கோயிலிலே இறைவனே வந்து நியாயம் சொல்ல வேண்டியதாயிற்று.

சர்வதேசப் பாட்டுப் போட்டியையும் பார்த்துவிட்டோம், நடுவரின் பாரபட்சத்தையும் பார்த்துவிட்டோம்! நடுவர் அவர்களே, நான் உங்களைச் சொல்லவில்லை. (சிரிப்பு)

ஐரோப்பாக்காரர்கள் ‘யூரோவிஷன்’ பாட்டுப் போட்டியை 1956-இல்தான் ஆரம்பித்தார்கள். சுவிட்சர்லாந்தில் லுகானோ என்ற ஊர், வந்தது 7 நாடுகள். இன்றைக்கு அங்கே ஒரு விதி: எந்த நாடும் தன் பாட்டுக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. பாண்டியன் சபையில் இந்த விதி இருந்திருந்தால் சொக்கநாதருக்கு ஒரு வேலை மிச்சம்!

அந்தப் போட்டியை வைத்து 2020-இல் ஒரு சிரிப்புப் படம் வந்தது. ஐஸ்லாந்தில் ஹூசாவிக் என்ற சின்ன மீன்பிடி ஊர். அங்கே ஒருவனும் ஒருத்தியும் பாடுகிறார்கள். ஊரே சிரிக்கிறது. பெற்ற தகப்பனே தலைகுனிகிறார். எப்படியோ இறுதிச் சுற்றுக்கு வந்துவிடுகிறார்கள். மேடையில் அவன் என்ன செய்கிறான்? போட்டிக்குப் பதிவு செய்த பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவள் தன் ஊரை நினைத்துக் கட்டிய பாட்டைப் பாட வைக்கிறான். அவளும் தாய்மொழியையும் சேர்த்துப் பாடுகிறாள். விதியை மீறியதால் போட்டியிலிருந்தே தள்ளிவிட்டார்கள். பரிசு போச்சு. ஆனால் சிரித்த ஊர் அழுதது. அந்தப் பாட்டு ஆஸ்கார் பரிந்துரை வரைக்கும் போயிற்று.

கடல் கடந்த ஊரிலும் இதே நியாயம்தான் ஐயா. போட்டியை மறந்த நிமிஷத்தில்தான் பாட்டு பிறக்கிறது. நகைச்சுவைப் படம் முதலில் நம்மைச் சிரிக்க வைத்து, காதைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்த நிமிஷத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

நம்ம ஊர்ச் சிகரத்துக்கு வருகிறேன். 1968, ‘தில்லானா மோகனாம்பாள்’. ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, மோகனாவாகப் பத்மினி. நாயனமா, நாட்டியமா என்று போட்டி. சுற்றிலும் சிரிப்புப் பட்டாளம்: வைத்தியாக நாகேஷ், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா, தவில்காரராக நம்ம பாலையா.

அந்தப் போட்டியில் யார் ஜெயித்தார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்! ஒருத்தரும் சொல்லவில்லையே. வாசித்தவர் அவர், ஆடியவள் அவள். அவளுக்குப் பட்டம் தர வேண்டுமென்று முன்வந்தவர் எதிர்த்து நின்ற அந்த நாயனக்காரரே! எதிராளியின் வித்தையை வாய்விட்டு மெச்சுகிறவன் தோற்றவனா? அவன்தான் ஐயா கலைஞன்!

வெள்ளித்திரையில் கன்னம் உப்பியது சிவாஜிக்கு. உள்ளே ஓடிய மூச்சு யாருடையது? மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி. ஐஸ்லாந்துப் படத்திலும் அந்தக் கடைசிப் பாட்டின் பெரும்பகுதி மோலி சாண்டென் என்ற ஸ்வீடன் பாடகியின் குரல். சீவாளியில் பட்ட மூச்சு படத்தில் தெரியாது. ஆனால் கல்யாணத்துக்குப் போய் நாயனத்தைத் திரும்பிப் பார்க்காத ஜனங்களைக்கூட, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்து நாயனம் கேட்க வைத்தது அந்தப் படம். இது உயர்வா, கேலியா?

இங்கே பட்டுத் தறிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை நன்றாகத் தெரியும்: கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். ரெண்டு பேர் தறியில் உட்கார்ந்து, தனித்தனி நாடா போட்டு, ஊடையை ஊடையோடு பின்னி இணைக்கிறீர்கள். கரை பெரிசா, உடல் பெரிசா என்று நாடாக்கள் சண்டை போட்டால் சேலை கிழியும். பின்னிக்கொண்டால் முகூர்த்தப் பட்டு! தவில்காரரைக் கேளுங்கள், அவருக்கும் ஒரு கோர்வை உண்டு. மூன்று தரம் வாசித்துக் கச்சிதமாகச் சமத்தில் வந்து விழுகிற முத்தாய்ப்பு. தறியிலும் கோர்வை, தவிலிலும் கோர்வை. நல்ல போட்டி என்பது கோர்வைதான், நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)

பக்கத்துக் காஞ்சிபுரத்திலேயே அதற்குச் சாட்சி உண்டு. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, 1889 முதல் 1934 வரை வாழ்ந்த சங்கீத மகான். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறைய வித்வான்களை உட்கார வைத்து ‘புல் பெஞ்ச்’ கச்சேரி செய்தவர். லயத்தில் இவர் அவர்களை மடக்குவார். அவர்கள் இவரை மடக்கப் பார்ப்பார்கள். அந்தக் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டுக் கீர்த்தனைகளை மனசில் பிடித்துக்கொண்ட ஒரு காஞ்சிபுரத்துச் சிறுமிதான் டி.கே. பட்டம்மாள். பின்னாளில், பெண்கள் பாடத் தயங்கிய பல்லவியை மேடையிலே பாடிக் காட்டினாரே, அவர்! மேடையில் நடந்த மோதல், கீழே உட்கார்ந்து கேட்ட ஒரு குழந்தைக்குப் பாடமாயிற்று.

ஆகவே கேலி எங்கிருந்து வந்தது? படத்திலிருந்து அல்ல, நம்மிடமிருந்து. நாம் பழத்தை எடுத்துக்கொண்டு நாயனத்தை விட்டுவிட்டோம். இன்றைக்குப் பல கோயில்களில் மின்சார மேளம் வைத்திருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானாக அடிக்கும். அதற்குச் சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், பஸ் செலவு வேண்டாம். சாமிக்கு ஓசை கிடைத்துவிட்டது. ஒரு குடும்பத்துக்கு அடுப்பு அணைந்துவிட்டது. விசைத்தறி வந்தபோது கைத்தறிக்காரர் வயிறு என்ன பட்டது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைச் செய்தது கவுண்டமணியா, செந்திலா? நாமல்லவா?

தாய்மார்களே, ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது, பந்தியில் இடம் பிடிக்கிறதுக்கு முன்னால், நாயனக்காரர் எதிரில் கால் மணி நேரம் உட்காருங்கள். ஆலாபனை முடிந்ததும், “நல்லா இருந்ததுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஹேமநாதர் ஒரு ராத்திரி கேட்டார். நம்மால் கால் மணி நேரம் முடியாதா?

சிரிக்க வைத்துக் காதைத் திறந்த படங்கள் கலைஞனை உயர்த்தினவே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)