கடன் வாங்கிய புகழ்



மனச்சோர்வு ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், நோயாளி மட்டுமல்ல, அந்த வீடே உறக்கத்தை இழக்கிறது. ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் தெளியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், ‘துளியளவு போதும், போதை ஏறாது, மனம் தெளியும்’ என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லை அவர்களால் எளிதில் ஒதுக்கிவிட முடியுமா? எல்.எஸ்.டி.யையோ, சைலோசைபின் என்ற வேதிப்பொருள் அடங்கிய காளானையோ, போதை தரும் அளவில் பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ, சில நாட்களுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்வதைத்தான் மைக்ரோடோசிங் என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஃபேடிமனின் 2011ஆம் ஆண்டு நூல் இந்தப் பழக்கம் பரவப் பெரிதும் காரணமாயிற்று. இன்று இந்த அவைமுன் நான் வைக்க விரும்பும் கருத்து ஒன்றே: மைக்ரோடோசிங் பெற்றிருக்கும் மருத்துவப் புகழ் அதுவே ஈட்டியதல்ல, கடன் வாங்கியது.

யாரிடம் வாங்கிய கடன்? பெரிய அளவில் கொடுத்துச் செய்த ஆராய்ச்சியிடம். ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார், அது மனத்தை என்ன செய்யும் என்பதை 1943இல்தான் கண்டார். பின்னர் மனநல மருத்துவர்கள் ஆர்வத்தோடு ஆராய்ந்தார்கள். 1970இல் அமெரிக்கச் சட்டமும், 1971இல் ஐ.நா. உடன்படிக்கையும் இத்தகைய பொருட்களைக் கட்டுப்படுத்தியபின் அந்த ஆய்வுகள் ஏறக்குறைய நின்றே போயின. நீண்ட மௌனத்துக்குப் பிறகு மீண்டும் தொடங்கிய ஆராய்ச்சியின் முக்கியமான முடிவு ஒன்று 2022இல் வெளிவந்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 233 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, 25, 10, 1 மில்லிகிராம் என ஒரே ஒரு முறை சைலோசைபின் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் உடனிருந்து கவனித்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, 25 மில்லிகிராம் பெற்றவர்களின் சோர்வு 1 மில்லிகிராம் பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. 10 மில்லிகிராமுக்கு அந்தத் தெளிவு இல்லை. கவனியுங்கள்: மைக்ரோடோசிங் செய்பவர்கள் மருந்தென்று நம்பி எடுக்கும் அளவை ஒட்டிய அந்த 1 மில்லிகிராம், அங்கே ஒப்பிட்டுப் பார்க்க மட்டுமே வைக்கப்பட்டது. ஒருமுறை கொடுப்பதும் மாதக்கணக்கில் தொடர்வதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் பெரிய அளவின் வெற்றியைக் காட்டிச் சிறிய அளவை விற்க இந்த ஆய்வு இடம் தரவில்லை.

சிறிய அளவை நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 191 பேர் பங்கேற்றார்கள். தாங்கள் விழுங்குவது மருந்தா, வெற்றுக் குளிகையா என்று தங்களுக்கே தெரியாதபடி உறைகளைக் கலந்து வைத்துக்கொண்டார்கள். நான்கு வாரத்தில் மருந்து எடுத்தவர்களின் மனநிலை உயர்ந்தது. வெற்றுக் குளிகை எடுத்தவர்களின் மனநிலையும் உயர்ந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமுள்ளவர்களுக்குக் குறைந்த அளவு எல்.எஸ்.டி.யை நான்கு முறை கொடுத்துப் பார்த்த ஆய்விலும் நிலைத்த பலன் தென்படவில்லை.

‘அப்படியானால், நலமடைந்ததாகச் சொல்லும் இத்தனை பேரும் பொய்யர்களா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவர்கள் உணர்ந்த நலம் மெய். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் மெய்ப்பிக்கப்படவில்லை. ‘நம்பிக்கையே நலம் தருமென்றால் நம்பிவிட்டுப் போகட்டுமே’ என்பது அடுத்த கேள்வி. வெற்றுக் குளிகையை நம்புவதில் உடலுக்குக் கேடில்லை. இந்த மருந்துகள் வெற்றுக் குளிகைகள் அல்லவே. இதய வால்வில் உள்ள ஒருவகை செரட்டோனின் ஏற்பியையும் இவை தூண்டக்கூடியவை. அதே ஏற்பியைத் தூண்டிய ஃபென்ஃபுளூரமின் என்ற உடல் எடைக் குறைப்பு மருந்து, வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. நுண்ணளவில் இந்த ஆபத்து எவ்வளவு என்பது நீண்டகாலம் பார்த்தால்தான் விளங்கும். போதைக் காளானைத் தேடிக் கொடைக்கானல் போகும் இளைஞர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: காட்டுக் காளானில் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று கண்ணால் அளக்க முடியாது, நச்சுக் காளானை மாற்றிப் பறித்தால் உயிரே போகலாம். 1985ஆம் ஆண்டின் இந்தியப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ‘கொஞ்சம்தானே’ என்று விட்டுவிடுவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்துவரும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிட்டு இதை நம்புபவர் பணயம் வைப்பது தம் உயிரை.

‘இவ்வளவு கேடென்றால் ஆராய்ச்சியையும் தடுத்துவிடலாமே’ என்று மறுமுனையிலிருந்து ஒரு குரல் எழும். அதையும் நான் ஏற்கவில்லை. ஆய்வு நின்றுபோன காலத்தில் ஆவலும் நிற்கவில்லை, நோயும் நிற்கவில்லை. அறிவு மட்டுமே நின்றது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும், மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் தரலாம் என்று அனுமதித்தது. மருத்துவரின் பொறுப்பில் கதவைத் திறப்பதும் கடைத்தெருவில் திறந்துவிடுவதும் வேறு வேறு. நுண்ணளவுக்கும் அதே நேர்மையான சோதனை நடக்கட்டும். தேறினால் மருந்தென்று ஏற்போம், தேறாவிட்டால் மருந்தென்று சொல்வதை நிறுத்துவோம்.

லண்டன் ஆய்வின் வெற்றுக் குளிகைகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவற்றை விழுங்கியவர்களும் நான்கு வாரம் தங்கள் மனத்தைக் கவனித்தார்கள்; எப்படி இருக்கிறோம் என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்ப விடை எழுதினார்கள்; நலமாவோம் என்று எதிர்பார்த்தார்கள். அந்தக் கேள்வியை நம் வீட்டில் வாடியிருப்பவரிடம் கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. கேட்டு, பொறுமையாகச் செவிகொடுத்து, மனநல மருத்துவரிடம் கூடவே நடந்து செல்லுங்கள். ஆய்வகம் தன் விடையைத் தரும்வரை அவரைத் தனியே காத்திருக்க விடாதீர்கள்.