பிடியரிசி

சேமிப்பு செல்வர்க்கே உரியதென எண்ணுவோர் பலர். என் அன்னையார் அங்ஙனம் எண்ணினாரல்லர். உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் இடுவார். நாளொன்றுக்கு இருபிடியெனின், திங்களொன்றில் அறுபது பிடி. இரண்டு கிலோவுக்குக் குறையாது.

1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. எங்கள் கூரை பறந்தது, தென்னைகள் வீழ்ந்து வீதிகள் அடைபட்டன, கடைகள் திறக்கவில்லை. அப்பானையரிசியே நான்கு நாட்கள் எமக்குக் கஞ்சியாயிற்று.

"இன்று பிடியரிசி எடுக்கவில்லையா, அம்மா?" எனச் சிறுவனாகிய யான் வினவினேன்.

"எடுத்துவிட்டேன், மகன், அது அடுத்த வீட்டில் வேகிறது" என்றார்.

எடுக்கும்போது குறைவு தோன்றாது. இடுக்கண் வரும்போது அருமை தோன்றும். பழைய அரிசியை மாதந்தோறும் சமைத்துப் புதியதை இடுங்கள், வண்டு பிடியாது. இன்றிரவே தொடங்கலாம்.