ஈயத்தில் வார்த்த சேனை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பருவங்கள் பத்தினுள் இறுதி மூன்றையும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என வகுத்தனர். பறையும் தேரும் போர்க்களத்துக்கும் உரியவை. பெரியோர் களத்திற் செய்வதைச் சிறியோர் முற்றத்திற் செய்து பார்க்கின்றனர். இவ்வியல்பு எல்லா நாட்டுக்கும் பொதுவானது. மேலைநாடுகளில் இது ஈயத்திலும் வெள்ளீயத்திலும் வார்த்தெடுத்த சிறிய போர்வீரர் உருவங்களாக வடிவு பெற்றது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகத் தொடங்கிய அவ்வுருவங்கள், காலப்போக்கில் முதியோர் பலருக்கு வாழ்நாட் பொழுதுபோக்காகவும் அமைந்துவிட்டன. முத்திரை சேர்ப்பார், நாணயம் சேர்ப்பார் போன்று இவற்றைச் சேர்ப்பாரும் இன்று பல நாடுகளில் உளர்.

ஆயினும், முத்திரை சேர்ப்பவரை எவரும் கேளாத ஒரு வினா இவர்களை நோக்கிக் கேட்கப்படுகின்றது. போர்வீரர் உருவங்களை விரும்பிச் சேர்ப்பவர் போரையும் விரும்புகின்றவரா? பிள்ளையின் கையிற் பொம்மைச் சிப்பாயைக் கொடுப்பது அதன் உள்ளத்திற் பகைமையை விதைப்பதாகுமா? வினா எளிதன்று. விடை காணுமுன் இப்பொருள்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று.

மிகப் பழைய சேனையொன்று எகிப்து நாட்டிற் கிடைத்தது. அசியூற் என்னும் இடத்திலே, ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெசேதி என்னும் தலைவனின் கல்லறையில், மரத்தாற் செய்த 40 எகிப்திய ஈட்டி வீரரும் 40 நூபிய வில்லாளரும் அணிவகுத்து நின்ற நிலையிற் காணப்பட்டனர். இவ்வுருவங்கள் பின்னர் கெய்ரோ நகரத்து நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இவர்களின் உயரம் ஒன்றுபோல் இல்லை; கேடயங்களிற் காணும் தோலின் புள்ளிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இவை விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவையல்ல. இறந்த தலைவனுக்கு மறுமையிலும் காவல் வேண்டும் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டவை. எனினும் ஒரு படையைச் சிறிதாக்கி ஓர் அறைக்குள் அடக்கிவைக்கும் ஆசை எத்துணைப் பழையது என்பதற்கு இவை சான்றாகும்.

விளையாட்டுச் சேனைகள் பெருந்தொகையாக உருவானது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யேர்மனியின் நூரம்பேர்க் நகரிலாகும். பிரசிய மன்னன் மகா பிரெடெரிக்கின் வெற்றிகள் வீடுதோறும் பேசப்பட்ட காலம் அது. அந்நகரத்து ஹில்ப்பேட் குடும்பத்தார் வெள்ளீயத்தில் தட்டையான வீரர் உருவங்களை வார்த்து விற்கத் தொடங்கினர். சிலேற்றுக் கற்கள் இரண்டை எடுத்து, ஒன்றில் உருவத்தின் முன்பக்கத்தையும் மற்றையதிற் பின்பக்கத்தையும் செதுக்கி, இரண்டையும் பொருத்தி, இடையே உருக்கிய உலோகத்தை வார்ப்பதே தொழின்முறை. பின்னர் 1839ஆம் ஆண்டு அங்கு தொழில் தொடங்கிய ஏர்ண்ஸ்ற் ஹைன்றிக்சன் கையாண்ட 30 மில்லிமீற்றர் உயரம் இத்தகைய உருவங்களுக்குப் பொது அளவாயிற்று. ஒருவரிடம் வாங்கிய குதிரைப்படையை வேறொருவரிடம் வாங்கிய காலாட்படையோடு சேர்த்து நிறுத்த இப்பொது அளவே வழிசெய்தது. இவ்வுருவங்கள் மெல்லிய மரச்சீவற் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, நிறைக்கு விற்கப்பட்டன. அவற்றுக்கு நிறந்தீட்டியவர்களுட் பெரும்பாலார் வீடுகளில் இருந்து சிறு கூலிக்கு உழைத்த பெண்களும் பிள்ளைகளும் ஆவர். ஒரு பிள்ளையின் விளையாட்டு மற்றொரு பிள்ளையின் வயிற்றுப்பாடாக இருந்தது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

யேர்மானியர் இத்தொழிலிற் பெற்றிருந்த முதன்மையை இலண்டன் நகரத்து வில்லியம் பிறிற்றன் குடும்பத்தார் 1893ஆம் ஆண்டில் அசைத்தனர். அக்குடும்பத்தின் மூத்த மகன் கண்ட வழி மிக எளியது. உருக்கிய ஈயக்கலவையை அச்சில் வார்த்தவுடன் அச்சின் சுவரை ஒட்டிய பகுதி முதலில் இறுகும். நடுப்பகுதி இறுகுமுன் அச்சைக் கவிழ்த்தால் எஞ்சிய ஈயம் வெளியே ஓடிவிடும். உள்ளே வெறுமையான உருவம் கிடைக்கும். ஈயம் மிச்சமாகின்றது, பாரம் குறைகின்றது, விலையும் தாழ்கின்றது. காலாள் வீரர் எண்மர், அல்லது குதிரை வீரர் ஐவர், கொண்ட சிவப்புப் பெட்டி ஒன்று ஒரு சிலிங்குக்கு விலைப்பட்டது. ஏறத்தாழ 54 மில்லிமீற்றர் உயரமுள்ள இவ்வீரர் பேரரசின் படைப்பிரிவுகள் பலவற்றைப் பின்பற்றி வார்க்கப்பட்டனர். சென்னைக் காலாட்படையினரும் அவருள் இடம்பெற்றனர்.

இச்சிறு வீரர்கள் சிலருடைய வாழ்விற் செய்த மாற்றங்கள் வியப்புக்குரியன. 1826ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இங்கிலாந்தின் ஹவோத் என்னும் சிற்றூரிலிருந்த பாதிரியார் பற்றிக் புரொன்ரே, லீட்ஸ் நகரிலிருந்து திரும்பும்போது தம் மகனுக்கு மரச்சிப்பாய்கள் பன்னிருவர் கொண்ட பெட்டியொன்றை வாங்கிவந்தார். மறுநாட் காலை அவருடைய நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு சிப்பாயைத் தெரிந்தெடுத்துப் பெயரிட்டனர். பத்து வயதுச் சார்லொற் தன் வீரனுக்கு வெலிங்ரன் பிரபு என்று பெயர் வைத்தாள். தம்பி தன் வீரனை நெப்போலியன் ஆக்கினான். அவ்வீரர்களுக்கென நாடொன்று எழுந்தது, நகரங்கள் எழுந்தன, அவர்களின் அளவுக்கு ஏற்ற மிகச் சிறிய கையெழுத்து நூல்களும் எழுதப்பட்டன. இருபத்தொரு ஆண்டுகளின் பின், 1847இல், அப்பெண்மக்கள் மூவரும் எழுதிய நாவல்கள் வெளிவந்தபோது ஆங்கில இலக்கியம் புதிய செல்வம் பெற்றது. சிப்பாய்கள் அவர்களைப் போருக்கு இட்டுச் செல்லவில்லை. கதைக்கே இட்டுச் சென்றனர்.

வின்ஸ்ரன் சேர்ச்சிலின் அனுபவம் வேறு. அவர் 1930இல் வெளியிட்ட தம் இளமை வரலாற்றில், தம்மிடம் ஏறத்தாழ 1500 ஈய வீரர் இருந்தனர் என்றும், தம்பிக்குரிய எதிர்ப்படைக்குப் பீரங்கி வைத்திருக்கும் உரிமை அளிக்கப்படவில்லை என்றும் கூறுகின்றார். ஒரு நாள் தந்தையார் அறைக்குள் வந்து, அணிவகுத்து நின்ற படையை இருபது நிமிடம் கூர்ந்து பார்த்தார். முடிவில், படையிற் சேர விருப்பமா என்று மகனைக் கேட்டார். மகன் தயங்காது ஆம் என்றான். தந்தையார் தம்மிடத்தில் ஒரு படைத்தலைவனின் திறமையைக் கண்டுகொண்டார் என்று மகன் பல ஆண்டுகள் மகிழ்ந்திருந்தான். வழக்கறிஞர் தொழிலுக்கு வேண்டிய அறிவு இவனிடம் இல்லை என்ற முடிவினாலேயே தந்தையார் அவ்வாறு கேட்டார் என்பது பின்னரே தெரியவந்தது. ஈய வீரர் ஒருவரின் வாழ்க்கைப் போக்கையே திருப்பிவிட்டனர். ஆயின் அத்திருப்பத்துக்குக் காரணம் வீரர் மட்டுமல்லர். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியாமையுமாகும்.

எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸ் இவ்விளையாட்டுக்கு விதிகள் வகுத்து 1913ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். வில்விசையால் மரக்குச்சியை எய்யும் சிறு பீரங்கிகளைக் கொண்டு, தரையிற் புத்தகங்களாலும் கட்டைகளாலும் மலையும் ஊரும் அமைத்து, நண்பர்களுடன் அவர் போர் நடத்தினார். அந்நூலின் இறுதியில் அவர் கொண்ட முடிவு கருதத்தக்கது. சிறிய போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவனுக்கு உண்மைப் போர் எவ்வளவு தடுமாற்றமும் அறிவீனமும் நிறைந்தது என்பது விளங்கும் என்றார். போர் வெறி கொண்டவர்களை ஓர் அறைக்குள் அடைத்து ஈயச் சிப்பாய்களை அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. நூல் வெளிவந்த மறு ஆண்டே முதலாவது உலகப்போர் மூண்டது. படித்தவர் செவியில் அவ்வறிவுரை ஏறவில்லை.

இனி, இப்பொழுதுபோக்கின் உயர்ந்த நிலையையும் அதனால் வரும் துன்பத்தையும் ஒருங்கே காட்டும் வரலாறொன்று உண்டு. வில்லியம் சைபோண் என்பவர் பிரித்தானியப் படையில் லெப்டினன்ற் பதவி வகித்தவர். 1815ஆம் ஆண்டு யூன் 18ஆம் நாள் நடந்த வாட்டலூப் போரில் அவர் பங்குபற்றவில்லை. 1830இல் அப்போர்க்களத்தின் மாதிரி அமைப்பொன்றைச் செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் களத்தின் நடுவிலிருந்த பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளங்களையும் வேலிகளையும் வயல்களையும் அளந்தார். பின் போரிற் பங்குகொண்டு உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் உங்கள் படைப்பிரிவு எவ்விடத்தில் நின்றது, எதிரே நின்றவர் யார், வயலில் என்ன பயிர் நின்றது என்று வினவினார். நூற்றுக்கணக்கான மறுமொழிகள் வந்தன. ஒரு போரைக் குறித்து அதிற் போரிட்டவர்களையே இவ்வளவு பரந்த முறையில் ஒருவர் விசாரித்தது அதுவே முதன்முறை எனலாம்.

1833இல் அரசாங்கம் பணவுதவியை நிறுத்தியது. சைபோண் கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்தார். ஒரு மைலுக்கு 9 அடி என்ற அளவில், ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்பில், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளீய உருவங்களுடன் அம்மாதிரி 1838இல் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். ஆயினும் அவருடைய கடன் தீரவில்லை.

கடனினும் பெரிய இடர் மற்றொன்று இருந்தது. தமக்குக் கிடைத்த சான்றுகளின்படி, அம்மாலை வேளையில் பிரசியப் படையினர் பெருந்தொகையினராய்க் களத்தில் வந்து சேர்ந்திருந்தனர். சைபோண் அவ்வாறே அவர்களை நிறுத்தினார். வெற்றி முற்றும் தம்முடையதே என்று எண்ணியிருந்தோருக்கு இது பொருந்தவில்லை. வெலிங்ரன் பிரபுவும் அவரைச் சார்ந்தோரும் பிரசியரை அவ்விடத்தில் அவ்வளவு தொகையினராய்க் காட்டுவதை ஏற்கவில்லை. பல ஆண்டுகள் உறுதியாக நின்ற சைபோண், முடிவிற் பிரசிய உருவங்கள் பலவற்றை மாதிரியிலிருந்து அகற்றினார். விரல்நுனியளவும் இல்லாத வெள்ளீயத் துண்டுகளுக்காகப் பேரரசின் முதல் மனிதர் ஒருவர் கவலைப்பட்டார் என்றால், அவற்றின் பொருள் விளையாட்டுக்கு அப்பாற்பட்டது என்பது தெளிவு. சைபோண் 1849இற் காலமானார். அவருக்கு வந்த கடிதங்களுட் பலவற்றை 1891இல் அவர் மகன் நூலாக வெளியிட்டார். மாதிரி இலண்டனிலுள்ள தேசியப் படை நூதனசாலைக்கு உரியதாயிற்று. வாட்டலூவை ஆராய்வோர் அக்கடிதங்களை இன்றும் நாடுகின்றனர்.

முதலாவது உலகப்போரின்போது பிறிற்றன் குடும்பத்தாரின் தொழிற்சாலை பொம்மைகளை விடுத்துப் போர்த்தளவாடங்களைச் செய்தது. போர் முடிந்தபின் பெற்றோர் பலர் சிப்பாய்ப் பெட்டிகளை வாங்க மனம் கொள்ளவில்லை. பிள்ளைகளை இழந்த வீடுகளில் அப்பெட்டியைத் திறக்க எவருக்கு மனம் வரும்? ஆதலால் அத்தொழிற்சாலை பசு, ஆடு, கோழி, உழவன், பால்காரி என்று பண்ணை உருவங்களை வார்க்கத் தொடங்கி, அவற்றையும் வெற்றியுடன் விற்றது. இரண்டாவது உலகப்போரில், 1945ஆம் ஆண்டு பெப்ரவரியில், டிறெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அங்கிருந்த ஹைட என்பவரின் புகழ்பெற்ற ஈயவீரர் தொழிற்சாலையும் அழிந்தது. பின் பிளாஸ்ரிக் மலிவாக வந்தது. பிள்ளைகளின் கையில் ஈயம் இருப்பது உடல்நலத்துக்குக் கேடு என்ற அறிவும் பரவியது. 1966இற் பிறிற்றன் நிறுவனம் ஈய வீரர்களை வார்ப்பதை நிறுத்திக்கொண்டது. அதுவரை பிள்ளைகளுக்கு உரியதாயிருந்த பொருள் அன்றுமுதற் பெரும்பாலும் சேகரிப்போர் பொருளாயிற்று.

சேகரிப்போர் இரு வகையினர். பழைய பொம்மைகளைத் தேடுவோர் ஒரு வகையினர். அவர்கள் உரிந்த நிறத்தின்மேற் புதுநிறம் தீட்டமாட்டார். தீட்டினால் மதிப்புக் குன்றிவிடும். பழைய பெட்டியையும் பேணுவர். ஓக் மரத்தாலான அலமாரியில் ஈயத்தை வையார். அம்மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை நாளடைவில் வெண்பொடியாக்கிவிடும். மற்றைய வகையினர் புதிய உருவங்களைத் தாமே பொருத்தி நிறந்தீட்டுவோர். ஒரு பொத்தானின் வரிசையும் கழுத்துப்பட்டியின் நிறமும் இன்ன ஆண்டில் இன்ன படைப்பிரிவில் எவ்வாறு இருந்தன என்று நூல்களையும் பழைய ஓவியங்களையும் புரட்டிப் பார்த்த பின்னரே தூரிகையை எடுப்பர். இங்கிலாந்தில் 1935இல் இவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. யேர்மனியின் குல்ம்பாக் நகரத்துக் கோட்டையில் வெள்ளீய உருவங்களுக்கென்றே ஒரு நூதனசாலை அமைந்தது. அமெரிக்கப் பத்திரிகையதிபர் மல்கம் போப்ஸ் மொரோக்கோ நாட்டிலே தம் மாளிகையில் இலட்சத்துக்கு மேற்பட்ட வீரரை நிறுத்தியிருந்தார். 1990இல் அவர் மறைந்தபின் அப்பெருஞ்சேனை ஏலத்திற் கலைந்து போயிற்று. தொகையினால் வரும் பெருமை அவ்வளவே. தேடி அறிந்ததனால் வரும் பயன் சைபோணின் கடிதங்களைப் போல் நிலைத்து நிற்கின்றது.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பொம்மைச் சிப்பாய் தானாக எதையும் கற்பிப்பதில்லை. பிள்ளையின் அருகில் இருக்கும் பெரியவர் கற்பிப்பதையே அதுவும் கற்பிக்கின்றது. தம்பியின் படைக்குப் பீரங்கி கொடாத விளையாட்டு ஒன்றைக் கற்பிக்கும். இருவருக்கும் ஒரே விதி வகுத்த விளையாட்டு வேறொன்றைக் கற்பிக்கும். உடையின் மினுக்கத்தை மட்டும் காட்டும் அலமாரி ஒன்றைச் சொல்லும். இவ்வீரன் எவ்வூரான், எதற்காகக் களத்துக்கு வந்தான், மாலையில் எவ்விடத்தில் வீழ்ந்தான் என்று கேட்கத் தூண்டும் அலமாரி வேறொன்றைச் சொல்லும்.

சைபோணின் மாதிரி காட்சிக்கு வந்த அதே 1838ஆம் ஆண்டிலேதான் டென்மார்க்கில் அன்டேசன் என்பார் ஒற்றைக்கால் வெள்ளீயச் சிப்பாயின் கதையை வெளியிட்டார். பழைய கரண்டி ஒன்றை உருக்கி இருபத்தைவரை வார்த்தபோது, கடைசி வீரனுக்கு ஈயம் போதாமையால் ஒரு காலே அமைந்தது. அவ்வொருவனுக்காகவே உலகெங்கும் பிள்ளைகள் இன்றும் கண்கலங்குகின்றனர். எழுபதினாயிரம் வீரர் நின்ற களத்தைப் பார்க்கும்போதும் அவர்களுள் ஒவ்வொருவனையும் அவ்வாறு தனித்து எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவோமாயின், ஈயத்தில் வார்த்த சேனையால் எவருக்கும் தீங்கு நேராது.