ஒரு நாணயம், எட்டு ஆசனங்கள்



தனக்கென ஒரு நாணயம் இல்லாத சிறிய நாடு சுதந்திர நாடாகுமா? இக்கேள்விக்கு விடை காண மேற்கிந்தியத் தீவுகளை நோக்குவோம்.

அங்கே அன்ரிகுவா, டொமினிக்கா, கிரனடா, சென் லூசியா முதலிய ஆறு சுதந்திர நாடுகளும், அங்குவிலா, மொன்செராட் என்னும் இரு பிரித்தானிய ஆட்சிப்புலங்களும் ஒரே டொலரை வழங்கி வருகின்றன. 1976ஆம் ஆண்டு தொடக்கம் அதன் பெறுமதி ஓர் அமெரிக்க டொலருக்கு 2.70 என்றே நிற்கிறது. 1969இல் தனி டொலர் வெளியிட்ட ஜமேக்காவிலோ, இன்று ஓர் அமெரிக்க டொலருக்கு உள்நாட்டு டொலர் 150க்கு மேல் கொடுக்கவேண்டும்.

நாணயத்தின் மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி பெருகும் என்பர். ஆனால் உண்ணும் மாவும் எரிக்கும் எண்ணெயும் கப்பலில் வந்திறங்கும் தீவில், மதிப்புக் குறைந்ததும் கடையில் விலை ஏறுகிறது. வந்த இலாபத்தை விலையேற்றம் விழுங்கிவிடுகிறது. 2022இல் நமது ரூபா டொலருக்கு ஏறக்குறைய 200இலிருந்து 360 வரை வீழ்ந்தபோது மாவும் உரமும் என்ன விலை விற்றன என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1983இல் அமைந்த கிழக்குக் கரீபியன் மத்திய வங்கி, எந்த அரசாங்கமும் நினைத்தபடி நோட்டு அச்சிட இடங்கொடுப்பதில்லை. வெளியிட்ட பணம் முதலிய பொறுப்புகளுக்கு நூற்றுக்கு 60 வீதமாவது அந்நியச் சொத்து இருப்பில் இருத்தல் வேண்டும் என்பது சட்டம்.

இதற்கும் விலை உண்டு. 2017இல் மரியா சூறாவளி டொமினிக்காவுக்கு விளைத்த சேதம், அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியின் இரு மடங்கிலும் அதிகம். அப்போதும் நாணயத்தின் மதிப்பைக் குறைக்கவோ, தானே பணம் அச்சிடவோ அதனால் இயலாது. வரி, செலவு, கூலி, கடன், உதவி ஆகியவற்றைக் கொண்டே இத்தகைய நாடு தலைநிமிர வேண்டும்.

அப்படியாயின் இவர்கள் தம் உரிமையைப் பறிகொடுத்தவர்களா? அல்லர். வங்கியின் நாணயச் சபையில் ஒவ்வோர் அரசுக்கும் ஓர் ஆசனம். ஏறக்குறைய 5,000 பேர் வாழும் மொன்செராட்டுக்கும், 1,50,000க்கு மேற்பட்டோர் வாழும் சென் லூசியாவுக்கும் ஒரே இடந்தான். நாணயத்தின் மதிப்பை மாற்றுவதாயின் எல்லோரும் ஒருமனதாக இணங்கவேண்டும். ஆனால் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க டொலரை ஏற்றுக்கொண்ட ஈக்குவடோருக்கு, அந்த டொலரின் வட்டியை நிர்ணயிக்கும் சபையில் ஆசனம் இல்லை.

அதிகாரத்தைப் பகிர்வது வேறு, பறிகொடுப்பது வேறு. நோட்டில் எவருடைய படம் இருக்கிறது என்பதன்று கேள்வி. ஒப்பந்தத்தில் நமக்கு ஆசனம் உண்டா, வாக்கு உண்டா என்பதே கேள்வி. கையொப்பமிடுமுன் சிறிய நாடு படிக்கவேண்டிய பிரிவு அதுவே எனக் கூறி அமைகிறேன்.