ஆறு கிழங்குகளும் ஒரு கைக்குண்டும்



போர்ப் படம் என்றால் முரசும் முழக்கமும் கொடியும் வெற்றியும் இருக்கும் என்று எண்ணியே நாம் கொட்டகைக்குள் நுழைகிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஜப்பானியப் படமோ கன்னத்தில் விழும் ஓர் அறையோடு தொடங்குகிறது. அறைபவன் படைப்பிரிவின் தலைவன். அறை வாங்குபவன் டமூரா என்னும் எளிய சிப்பாய். எலும்புருக்கி நோய் கண்ட அவனை மருத்துவமனை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிட்டது. அவன் மீண்டு வந்ததுதான் குற்றம். மறுபடியும் அங்கேயே போகவேண்டும், சேர்த்துக்கொள்ளாவிட்டால் கைக்குண்டால் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்பது கட்டளை. வழிக்கு ஆறு கிழங்குகள் தருகிறார்கள். ஓர் அரசு தன் வீரனுக்கு இட்ட விலையை இதைவிடத் துல்லியமாக எவரும் கணக்கிட்டுக் காட்டியதில்லை.

படத்தின் பெயர் 'நோபி'. வெளியில் எரியும் தீ என்பது பொருள். 1959-ஆம் ஆண்டு கோன் இச்சிகாவா இயக்கியது. திரைக்கதையை அவர் மனைவி நாட்டோ வாடா எழுதினார். மூலம், ஷோஹெய் ஓகாவின் நாவல். ஓகா 1944-இல் படைக்கு அழைக்கப்பட்டுப் பிலிப்பைன்சுக்குச் சென்றவர். 1945 சனவரியில் மிண்டோரோ தீவில் அமெரிக்கர் கையில் சிறைப்பட்டவர். பசியைக் கேள்வியால் அறிந்தவர் அல்லர்.

கதை நிகழுமிடம் லேட்டே தீவு. 1944 அக்டோபர் 20-ஆம் நாள் அமெரிக்கப் படை அங்கே இறங்கியது. ஜப்பானியருக்குக் கடல்வழி அடைபட்டது, உணவு நின்றது. 1945-இன் தொடக்கத்தில், எஞ்சியவர்கள் மேற்குக் கரையிலுள்ள பலோம்பான் துறையை நோக்கி நடக்கிறார்கள். அந்த நடைதான் படம்.

ஒரு காட்சியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மழையில் சேற்று வழியே சிப்பாய்கள் வருகின்றனர். ஒருவன் கிடந்த காலணிகளைக் கண்டு, தன்னுடையவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு அவற்றை அணிந்து செல்கிறான். அவன் எறிந்தவற்றை அடுத்தவன் எடுத்துக்கொள்கிறான். அவன் விட்டவை இன்னொருவனுக்கு. கடைசியில் வரும் டமூரா, அடி தேய்ந்து ஓட்டையான காலணியைக் கண்ணெதிரே தூக்கிப் பார்க்கிறான். அப்பால் வெளிச்சம் தெரிகிறது. பின் வெறுங்காலோடு நடக்கிறான். பார்ப்பவருக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்ததற்காக உடனே வெட்கமும் வருகிறது.

இனிச் சொல்லப்போவது கொடியது. ஆயினும் படத்தின் உயிர் அங்கேதான். பசியுற்ற சிப்பாய்கள் 'குரங்கு இறைச்சி' உண்கிறார்கள். அது குரங்கன்று, தம்மைப்போன்ற சிப்பாய்களின் உடல். டமூராவுக்கும் ஒரு துண்டு தரப்படுகிறது. கடிக்க முயல்கிறான், பல் கழன்று விழுகிறது, துப்பிவிடுகிறான். நாவலில் அவன் அதை உண்டுவிடுகிறான். உண்டவன் உயிரோடு ஊர் திரும்பி, மனநோய் மருத்துவமனையில் அமர்ந்து தன் கதையை எழுதுகிறான். படத்திலோ உண்ணாமல் இறக்கிறான்.

நாயகனைக் கறைபடாமல் காக்க இயக்குநர் செய்த சலுகை இது என்றே நான் முதலில் குறைகூறினேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் என் அவசரம் விளங்கிற்று. அவனைக் காத்தது அறமன்று, ஆடிப்போன பல். தவிர, அதற்கு முன்பே, ஆளற்ற சிற்றூரில் அலறிய ஒரு பெண்ணை அவன் சுட்டுக் கொன்றிருக்கிறான். அவளும் அவள் துணைவனும் அங்கு வந்தது, தரைப்பலகையின் கீழ் ஒளித்துவைத்த உப்பை எடுக்க. அந்த உப்பைத்தான் டமூரா பிற சிப்பாய்களோடு பங்கிட்டுச் சேர்ந்துகொள்கிறான். மனித ஊனை உண்ணாதவன் தூயவன் என்று நாம் மகிழ, இச்சிகாவா இடம் வைக்கவே இல்லை. பிற்பாடு நாகமட்சு என்பவன் தன் தோழனையே கொன்று உண்ணும்போது டமூரா அவனைச் சுடுகிறான். அந்த ஒரு செயல் மட்டுமே அவன் உள்ளத்திலிருந்து பிறக்கிறது; அதுவும் ஒரு கொலை.

படம் முழுதும் தொலைவில் புகை எழுகிறது. உழவர் பதர் எரிப்பதோ, கொரில்லாக்கள் தரும் சைகையோ, எவர்க்கும் தெரியாது. முடிவில் டமூரா, அங்கே இயல்பான வாழ்வு வாழும் மனிதர் இருப்பர் என்று நம்பி, கைகளை உயர்த்தியபடி அதை நோக்கி நடக்கிறான். அத்திசையிலிருந்து குண்டுகள் வருகின்றன. அவன் மண்ணில் விழுகிறான்; புகை எழுந்துகொண்டே இருக்கிறது.